தண்டப்பணச் சீட்டில் ஆண்டைப் பிழையாக எழுதிவிட்டார்கள்: எனக்கு நடந்தது

2023 ஜனவரி 3ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணி. கோட்டைக்கல்லாற்றிலிருந்து ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டிலிருந்து பதின்மூன்று கிலோமீற்றர். அலுவலகத் திறப்பு என்னிடம்தான் இருக்கும் என்பதால் நான் பிந்தினால் எல்லோரும் வாசலில் நிற்க வேண்டும். முன்னால் ஒரு பஸ் ஆட்களை ஏற்றுவதும் இறக்குவதுமாக ஊர்ந்துகொண்டிருந்தது. பொறுமை இழந்து முந்தினேன். நடுவில் இருந்தது தொடர்ச்சியான வெள்ளைக் கோடு. நூறு யார் தள்ளி இரண்டு பொலிஸார் நின்றார்கள், ஒருவர் கையைக் காட்டினார். பிழை என்னுடையது. அதில் எனக்கு இன்றும் எந்த வாதமும் இல்லை. அதற்குரிய தண்டப்பணம் 2,000 ரூபா, 2018இல் திருத்திய பட்டியலில் உள்ள தொகை. அதைக் கட்டிவிட்டுப் போயிருந்தால் எழுதுவதற்கு எதுவும் இருந்திருக்காது. ஆனால் அந்த 2,000 ரூபாவைக் கட்டுவதற்கு எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. என் சாரதி அனுமதிப்பத்திரம் கைக்கு வர மேலும் பத்து நாட்கள் ஆயின.

எழுதியவர் நடுத்தர வயதுக்காரர், மரியாதையாகவே நடந்துகொண்டார். "நங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும் வீதி அல்லவா" என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை. மோட்டார் சைக்கிளின் ஆசனத்தில் புத்தகத்தை வைத்து, கடதாசியின் கீழே கார்பன் தாளைச் சரிசெய்து, அழுத்தி எழுதினார். என் அனுமதிப்பத்திரத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சீட்டைக் கிழித்துத் தந்தார். எனக்கு வெட்கம். பாண்டிருப்புப் பக்கம் போகும் பெண்கள் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீட்டை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதைத் திறந்து பார்க்கவே இல்லை. நாள் முழுவதும் இலக்கங்களைச் சரிபார்ப்பதுதான் என் தொழில். ஒரு விலைச்சீட்டில் திகதி இல்லாவிட்டால் நெல் கொண்டு வந்தவரைக் கூப்பிட்டுக் கேட்கிறவள் நான். என் சொந்தப் பத்திரத்தை மட்டும் வாசிக்கவில்லை.

அறியாதவர்களுக்காக நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். பொலிஸார் அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு தரும் அந்தச் சீட்டுத்தான் 14 நாட்களுக்கு உங்கள் தற்காலிக அனுமதிப்பத்திரம். அந்த 14 நாட்களுக்குள் தபாலகத்தில் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்ப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் உங்கள் அட்டையைத் திருப்பித் தருவார்கள். 14 நாட்கள் கடந்தால் தொகை இரட்டிப்பாகும். 28 நாட்களும் கடந்தால் விடயம் நீதிமன்றத்துக்குப் போய்விடும். ஆகவே சீட்டில் உள்ள திகதிதான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. அபராதம் எவ்வளவு, வண்டி ஓட்டலாமா கூடாதா, கட்ட வேண்டியது தபாலகத்திலா நீதிமன்றத்திலா என்று எல்லாமே அந்தத் திகதியை வைத்துத்தான். என் சீட்டில் 2023 என்று இருக்க வேண்டிய இடத்தில் 2022 என்று இருந்தது.

அது எப்படி நேர்ந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருடம் முழுவதும் 2022 என்று எழுதிப் பழகிய கை, ஜனவரி முதற்கிழமையில் தானாகவே அதைத்தான் எழுதும். எங்கள் ஆலையின் பேரேட்டிலும் ஒவ்வொரு ஜனவரியிலும் இரண்டு மூன்று இடத்தில் இது நடக்கும். அந்த உத்தியோகத்தர் மீது எனக்கு அதற்காகக் கோபம் இல்லை. அதைத் திருத்தச் சொல்லிப் போனபோது நான் பட்டதுதான் இன்னும் ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை போயா என்ற பௌர்ணமி விடுமுறை, அடுத்து சனியும் ஞாயிறும். அவசரம் இல்லை என்று நினைத்து 9ஆம் திகதி திங்கட்கிழமை மதிய இடைவேளையில் தபாலகத்துக்குப் போனேன். கருமபீடத்தில் இருந்த தம்பி சீட்டை விரித்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். "அக்கா, இது போன வருடத்துச் சீட்டு. இருபத்தெட்டு நாள் எப்போதோ முடிந்துவிட்டது. நீதிமன்றத்தில்தான் கட்ட வேண்டும்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து விரலை வைத்துக் காட்டினார். கார்பனின் நீல நிறத்தில் தெளிவாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல் ஒரு 2. போன செவ்வாய்க்கிழமைதான் எழுதினார்கள் என்று சொன்னேன். "நம்புகிறேன் அக்கா. ஆனால் நான் இதை ஏற்றால் நாளைக்குக் கணக்குப் பரிசோதனையில் என்னைத்தான் கேட்பார்கள்" என்றார். அவர் சொன்னது நியாயம். அவருடைய நாற்காலியில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். அங்கிருந்து வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஆறு நாட்களாக நான் இந்தச் சீட்டை நம்பித்தானே வண்டி ஓட்டுகிறேன்? வழியில் வேறு யாராவது மறித்து இதைப் பார்த்தால், ஒரு வருடத்துக்கு முன் காலாவதியான பத்திரத்தோடு ஓட்டுகிறேன் என்றுதானே எழுதுவார்கள்? கை நடுங்கியது. அன்று மாலை ஒவ்வொரு சந்தியிலும் பயந்து பயந்தே வீடு வந்து சேர்ந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். உத்தியோகத்தரின் கையில் பேனை இருக்கும்போதே சீட்டை வாங்கி வாசியுங்கள். திகதி, முக்கியமாக ஆண்டு. பிறகு வாகன இலக்கம். எங்கள் இலக்கத் தகடுகளின் ஆங்கில எழுத்துகளில் சீயும் ஜீயும் கையெழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அனுமதிப்பத்திர இலக்கம், அடையாள அட்டை இலக்கம், குற்றத்தின் இலக்கம், தொகை, எந்தப் பொலிஸ் நிலையம் என்பது. ஒரு நிமிடம் போதும். அந்த இடத்தில் பிழையைக் காட்டினால் புத்தகம் அவரிடம் இருக்கிறது, கார்பன் பிரதிகளும் அதிலேயே இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்திக் கையெழுத்திட்டுவிடலாம். ஐந்து நிமிடம் கழித்துப் போனால் அது வேறு கதை. அனுமதிப்பத்திரத்தைக் கொடுப்பதற்கு முன் அதன் இரண்டு பக்கங்களையும், வாங்கியதும் சீட்டையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசிப் படத்தில் எடுத்த நாளும் நேரமும் பதிவாகிவிடும். நான் அன்று அதைச் செய்திருந்தால் என் வாய்ச்சொல்லுக்கு ஒரு சாட்சி இருந்திருக்கும்.

10ஆம் திகதி அரை நாள் விடுப்பு எடுத்துப் பொலிஸ் நிலையம் போனேன். என் கணவர் கட்டாரில் இருக்கிறார். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அங்கிருந்து பதறுவார், இங்கு வந்து எதையும் செய்யவும் முடியாது. என் உடன்பிறந்த தம்பியைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் அவனுக்கு வெள்ளாமை வேலை. தனியாகப் போனேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பொலிஸ் நிலையத்து விறாந்தையில் இருந்தால் வீதியால் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வாங்கில் ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். போக்குவரத்துப் பிரிவில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, எழுதியவர்தான் திருத்த வேண்டும், அவர் விடுப்பில் இருக்கிறார், வியாழக்கிழமை வாருங்கள் என்றார். வருகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நான் வந்ததற்கு எந்தப் பதிவும் இல்லை, என் பெயரைக்கூட யாரும் குறிக்கவில்லை. 14 நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, நான் அலைந்துகொண்டிருக்கிறேன் என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட என்னிடம் இல்லை.

12ஆம் திகதி மீண்டும் அரை நாள். இம்முறை அவர் இருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஐயோ நங்கி, என்னுடைய பிழை" என்று சிரித்துக்கொண்டே பேனையை எடுத்து, என் கையிலிருந்த சீட்டில் அந்த 2இன் மேலேயே அழுத்தி 3 ஆக்கினார். கீழே வளைவு ஒன்று, நடுவில் ஒரு கொக்கி. பழைய 2இன் வால் அப்படியே வெளியில் நீட்டிக்கொண்டிருந்தது. இப்போது அது இரண்டாகவும் இல்லை, மூன்றாகவும் இல்லை.

எனக்கு அது பிழை என்று தெரியும். இதைத்தான் நான் மறைக்காமல் எழுத விரும்புகிறேன். பேரேட்டில் ஓர் இலக்கம் பிழைத்தால் அதன்மேல் எழுதக்கூடாது. ஒரே கோட்டால் வெட்டி, பழைய இலக்கம் தெரியும்படி விட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையொப்பம் வைக்க வேண்டும். இருபது வயதில் இந்த வேலைக்கு வந்த முதற்கிழமையில் எனக்குக் கற்பித்தது இது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் கற்பிப்பதும் இதையே. அங்கே மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, "ஐயா, கையொப்பமும் முத்திரையும் வேண்டும், உங்கள் புத்தகத்தில் உள்ள பிரதியையும் திருத்துங்கள்" என்று சொல்ல நா எழவில்லை. சீருடைக்கு முன்னால் வாயடைத்துப் போனேன். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அந்த மௌனத்துக்குத்தான் பிறகு இரண்டு கிழமை விலை கொடுத்தேன்.

தபாலகத்துத் தம்பி அதைக் கையிலேயே எடுக்கவில்லை. "அக்கா, வெட்டித் திருத்தியது. நீங்களே திருத்தினீர்கள் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்றார். அந்தக் கேள்வி என் நெஞ்சில் இறங்கியது. அரச பத்திரம் ஒன்றில் திகதியை மாற்றியவள் என்று என்மேல் குற்றம் வரலாம் என்பதை அதுவரை நான் யோசிக்கவே இல்லை. ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன்: எவ்வளவு சிறிய பிழையாக இருந்தாலும், உண்மையான இலக்கம் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும், உங்கள் பேனையால் அந்தச் சீட்டைத் தொடாதீர்கள். பொலிஸாரே திருத்தினாலும், பக்கத்தில் கையொப்பம், பதவி, திகதி, நிலையத்தின் முத்திரை நான்கும் இல்லாவிட்டால் அந்த இடத்தை விட்டு அகலாதீர்கள். புத்தகத்தில் உள்ள பிரதியும் உங்கள் கண் முன்னால் திருத்தப்பட வேண்டும். சட்டம் தெரிந்தவளாக இருந்து இதைச் சொல்லவில்லை, பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பொங்கல். மகளுக்கு அடுத்த வாரம், 23ஆம் திகதி, உயர்தரப் பரீட்சை தொடங்குகிறது. பானை பொங்கி வழியும்போது எல்லோரும் கைதட்டினோம், என் மனம் மட்டும் 17ஆம் திகதியை எண்ணிக்கொண்டிருந்தது. அன்றோடு 14 நாட்கள் முடிகின்றன. அன்றிரவு மின்வெட்டு நேரத்தில் மகள் விளக்கு வைத்துப் படித்துக்கொண்டிருக்க, எதிரே இருந்து ஒரு கடிதம் எழுதினேன். எந்த நாளில், எத்தனை மணிக்கு மறித்தார்கள், சீட்டு இலக்கம் என்ன, பிழை என்ன, எத்தனை தடவை வந்தேன், என்ன செய்து தர வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதினேன். எல்லாம் தமிழில். முதலில் எனக்குத் தயக்கம். யாரையாவது பிடித்துச் சிங்களத்தில் எழுதினால்தான் வேலை நடக்கும் என்று ஆலையில் சொன்னார்கள். ஆனால் 1988இல் வந்த அரசியலமைப்பின் 16ஆவது திருத்தத்தின் பின் வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி. தமிழில் எழுதிக் கொடுக்கவும், தமிழில் பதில் கேட்கவும் நமக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையைப் பேசிக்காட்டி யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. எனக்கு நன்றாக எழுத வரும் மொழியில், பிழையில்லாமல் எழுதினேன், அவ்வளவுதான்.

காலையில் அதன் பிரதி எடுக்கப் போனால் கடையில் மின்சாரம் இல்லை. கடதாசியையும் கார்பனையும் வாங்கி, மறுபடி கையால் எழுதி இரண்டு பிரதி ஆக்கினேன். 16ஆம் திகதி அது மூன்றாவது அரை நாள். இம்முறை போக்குவரத்துப் பிரிவுக்குப் போகவில்லை. நேராகப் பொறுப்பதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். முன்னால் இருந்த தமிழ்ப் பெண் கான்ஸ்டபிள் ஒருவர் கடிதத்தை வாங்கி முழுவதும் வாசித்தார். "நீங்கள் முதல் நாளே இதை எழுதியிருக்க வேண்டும் அக்கா" என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார். பதினைந்து நிமிடத்தில் அழைத்தார்கள். பொறுப்பதிகாரி சீட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார், எழுதியவரை வரவழைத்தார், ஒரே கோட்டால் வெட்டச் சொன்னார், மேலே 2023 என்று எழுதச் சொன்னார். இருவரும் கையொப்பமிட்டார்கள், முத்திரை விழுந்தது. என் கடிதத்தின் இரண்டாவது பிரதியில் 'கிடைத்தது' என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டேன். முந்திய பயணங்களில் நடக்காதது ஒரு கடிதத்தால் நடந்தது. மறுநாள், கடைசி நாள், தபாலகத்தில் 2,000 ரூபா கட்டினேன். அந்தத் தம்பி முத்திரை குத்திய சத்தம் கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

ஆனால் அன்றும் ஒன்றைத் தவறவிட்டேன். புத்தகத்தில் உள்ள பிரதி திருத்தப்பட்டதா என்று நான் பார்க்கவில்லை. முத்திரையைக் கண்ட சந்தோசத்தில் மறந்துவிட்டேன்.

18ஆம் திகதி பற்றுச்சீட்டோடு போனேன். உள்ளூராட்சித் தேர்தலுக்கு வேட்புமனு ஏற்கத் தொடங்கிய நாள் அது, நிலையத்தில் பாதிப் பேர் இல்லை. இருந்தவர் இலாச்சியைத் திறந்து அனுமதிப்பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். றப்பர் வளையம் போட்ட கட்டு இரண்டு. என்னுடையது இல்லை. அலுமாரியிலும் இல்லை. அடுத்த கிழமை வாருங்கள் என்றார். வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். 14 நாட்கள் முடிந்துவிட்டன அல்லவா, ஓட்டாதீர்கள் என்றார். அப்படியென்றால் ஒரு கடிதம் தாருங்கள் என்றேன், அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றார். பணம் கட்டியாகிவிட்டது, பற்றுச்சீட்டு கையில் இருக்கிறது, ஆனாலும் ஸ்கூட்டரை வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனேன். அப்போது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர்தான் பெற்றோல், கியூஆர் அட்டையைக் காட்டித்தான் வாங்க வேண்டும். மகளின் பரீட்சைக்கென்று அந்த நான்கு லீற்றரில் மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். அது தாங்கியிலேயே கிடந்தது. பரீட்சை நிலையம் ஏழு கிலோமீற்றர். முதல் நாள் காலையில் அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். போக வர 1,200 ரூபா. "அம்மா, நீங்கள் வரவில்லையா?" என்று கேட்டாள். பதின்மூன்று வருடப் படிப்புக்கு முடிவான நாளில் அவளை வாசல் வரை கொண்டுபோய் விட முடியாமல் செய்தது ஒரே ஓர் இலக்கம். அதை எண்ணும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

24ஆம் திகதி அந்தப் பெண் கான்ஸ்டபிள் தொலைபேசியில் அழைத்தார். கடிதத்தில் என் இலக்கத்தை எழுதியிருந்ததால் அது நடந்தது. காலம் கடந்த சீட்டுகளைச் சேர்த்து நீதிமன்றத்துக்கு அனுப்பியபோது, புத்தகத்துப் பிரதியில் 2022 என்றே இருந்ததால் என் அனுமதிப்பத்திரமும் அந்தக் கட்டோடு போய்விட்டதாம். மறுநாள் நீதவான் நீதிமன்றப் பதிவகத்துக்குப் போனேன். நுழைவாயிலுக்கு வெளியே ஒருவர் பின்னாலேயே வந்தார். 5,000 ரூபா தந்தால் இன்றே எடுத்துத் தருகிறேன் என்றார். ஒரு கணம் மனம் சபலப்பட்டது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் கட்டிய பணத்துக்குப் பற்றுச்சீட்டு வைத்திருக்கிறவள் ஏன் இன்னொருவருக்குக் கட்ட வேண்டும் என்று தோன்றியது. உள்ளே போய்விட்டேன். இப்படிப்பட்டவர்களுக்குக் காசு கொடுத்தால் வேலை நடந்தாலும் உங்களிடம் ஒரு தாளும் மிஞ்சாது. அடுத்த முறை அதே பெயரில் பழைய வழக்கு ஒன்று கிளம்பினால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது.

பதிவகத்தில் இருந்த எழுதுவினைஞர் பட்டியலைத் தேடினார். என் பெயர் இல்லை என்றார். மறுபடி தேடச் சொன்னேன். இல்லை. வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணித்தியாலம் கழித்து அவர், "இந்தப் பெயரில் ஒன்று இருக்கிறது, ஆனால் இது ஆண் பெயர்" என்று சத்தமாக வாசித்தார். அது என் அப்பாவின் பெயர். அவர் இறந்து பதினான்கு வருடங்கள். அந்தக் கட்டடத்தில், அந்தக் கூட்டத்துக்கு நடுவில், யாரோ அப்பாவை அழைப்பதுபோலக் கேட்டது. எழுந்து நின்றேன், உடனே பேச வரவில்லை. நமக்கு அப்பாவின் பெயர் முன்னால், நம் பெயர் பின்னால். அட்டையைப் பார்த்து எழுதியவர் முதற்பெயரைத்தான் ஆளின் பெயர் என்று எடுத்துவிட்டார். எங்கள் ஆட்கள் எத்தனையோ பேருக்கு இது நடந்திருக்கும். சீட்டு எழுதும்போது உங்கள் பெயர் எது, தந்தையின் பெயர் எது என்று வாயால் சொல்லுங்கள், இரண்டையும் எழுதச் செய்யுங்கள். சீட்டில் கையெழுத்து வாசிக்க முடியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கே போய்க் கேட்டாலும் பெயரை மட்டும் நம்பாமல் அனுமதிப்பத்திர இலக்கத்தைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். அட்டை கையில் இல்லாதபோது அந்த இலக்கம் உங்களிடம் எழுதியிருக்க வேண்டும்.

அட்டை கண்ணுக்கு முன்னால் கிடந்தது, ஆனால் அன்று கிடைக்கவில்லை. பணம் கட்டியாகிவிட்டது, இது தவறுதலாக அனுப்பப்பட்டது என்று பொலிஸ் நிலையம் எழுதித் தர வேண்டும் என்றார்கள். 27ஆம் திகதி காலை நிலையத்துக்குப் போய்க் கடிதம் வாங்கினேன். பழைய கடிதத்தின் 'கிடைத்தது' என்ற பிரதி கையில் இருந்ததால் யாரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு அட்டை கைக்கு வந்தது. மூலையில் ஊசி குத்திய துளை ஒன்று, அது இப்போதும் இருக்கிறது.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் கணக்கையும் சொல்கிறேன். நான்கு அரை நாட்களும் இரண்டு முழு நாட்களும் சேர்ந்து நான்கு நாள் சம்பளம் வெட்டு, நாளுக்கு 1,500 வீதம் 6,000 ரூபா. மூன்று பரீட்சை நாட்களுக்கு ஆட்டோ 3,600. பஸ்ஸுக்கு 1,100. கடதாசி, பிரதி, தொலைபேசி என்று 350. மொத்தம் 11,050 ரூபா. நான் செய்த குற்றத்துக்குச் சட்டம் விதித்தது 2,000, எழுத்துப் பிழைக்கு நான் கட்டியது அதன் ஐந்து மடங்குக்கு மேல். இதை யாரிடமும் திருப்பிக் கேட்க வழியில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அட்டை எங்கே என்று கேட்கலாம் என்று ஒருவர் சொன்னார். நல்ல சட்டம்தான், ஆனால் பதில் தர 14 வேலை நாட்கள் இருக்கின்றன. பிள்ளையின் பரீட்சை அதுவரை காத்திராது. எந்தக் காரியம் எந்த அலுவலகத்தில் என்று தெரியாதபோது 1919 என்ற அரச தகவல் நிலையத்துக்கு அழைத்துக் கேட்பது பயன் தரும். அங்கே தமிழிலும் பேசலாம்.

2025இலிருந்து தண்டப்பணத்தைக் கைபேசியிலேயே கட்டும் வசதி கட்டங்கட்டமாக வருகிறது. வரட்டும், தபாலக வரிசை குறைந்தால் நல்லதே. ஆனாலும் யாரோ ஒருவர் வீதியோரத்தில் வெயிலிலோ மழையிலோ நின்று ஒரு பெயரையும் ஒரு திகதியையும் குறிக்கும் வரை பிழை வரத்தான் செய்யும். அதனால் என் கடிதத்தின் வாசகத்தை இங்கே தருகிறேன். உங்கள் விபரங்களை இட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறித்த நாளுக்கு மறுநாளே கொடுங்கள், என்னைப்போலக் கடைசிக் கிழமை வரை வைத்திருக்காதீர்கள். நேரில் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

"பொறுப்பதிகாரி அவர்களுக்கு. இன்ன திகதி, இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் எனக்கு இன்ன இலக்கத் தண்டப்பணச் சீட்டு வழங்கப்பட்டது. குற்றத்தை நான் மறுக்கவில்லை, தண்டப்பணத்தைச் செலுத்த விரும்புகிறேன். சீட்டில் இன்ன இடத்தில் இன்னவாறு எழுதப்பட்டுள்ளது. அது இன்னவாறு இருக்க வேண்டும். இதனால் தபாலகம் பணத்தை ஏற்கவில்லை. எனது பிரதியிலும் தங்கள் நிலையத்திலுள்ள எல்லாப் பிரதிகளிலும் இதனைத் திருத்திக் கையொப்பமும் முத்திரையும் இட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். எனது சாரதி அனுமதிப்பத்திர இலக்கம் இது. எனது பெயர் இது. தந்தையின் பெயர் இது. தொலைபேசி இலக்கம் இது."

கீழே கையொப்பமும் திகதியும். ஆண்டை நான்கு இலக்கங்களிலும் எழுதுங்கள்.